வாள்வித்தையின் உச்சநிலை: மத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வேடு

உலகின் தலைசிறந்த வாள்வீரன் யார் என்னும் வினா, மத்தூர்ப் பேருந்து நிறுத்தத்தில் அன்றாடம் விடியற்காலையில் எழுப்பப்படுகிறது. எழுப்புவோர் போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் பர்கூர் சிப்காட்டுக்கும் முதல் ஷிப்ட் போகிறவர்கள். கழுத்தில் அடையாள அட்டை, ஒரு கையில் டிபன் பை, மறு கையில் செல்போன். செல்போனில் மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதை. கம்பெனி பஸ் வருவதற்குள் ஓர் அத்தியாயத்தை முடித்துவிடுவார்கள். பஸ் ஏறியதும் வாதம் தொடங்கும். ஒரு சாரார் மிஹாக் என்பார்கள், மறு சாரார் சோரோ என்பார்கள். கண்டக்டர் இல்லாத வண்டி என்பதால் தீர்ப்புச் சொல்லவும் ஆள் இல்லை.

இத்தனை தலைபோகிற வினாவைத் தமிழ் ஆய்வுலகம் இதுநாள்வரை கண்டுகொள்ளவில்லை. சங்க இலக்கியத்தில் உவமைகளைத் தேடும் பணி இன்னும் முடியாததே இதற்குக் காரணம் எனலாம். அக்குறையை நீக்கும் பொருட்டே இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது.

ஆய்வெல்லை

இங்கே மத்தூர் எனப்படுவது, கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் உள்ள ஊர். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். வடைக்குப் பேர்போன மத்தூர் வேறு. அது பெங்களூரு மைசூரு சாலையில், கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்து மாத்தூர்த் தொட்டிப்பாலமும் இவ்வாய்வில் சேராது. இதைச் சொல்லிவைப்பது அவசியம். ஏனெனில் நம் ஆய்வுப்பொருளாகிய சோரோவுக்குத் திசை தெரியாது. நேராகப் போ என்றால் இடப்பக்கம் போகிறவர் அவர். களஆய்வுக்கு இங்கே வரச்சொன்னால் மண்டியாவில் இறங்கி வடை தின்றுகொண்டிருப்பார்.

அறியாதார் பொருட்டு ஒரு குறிப்பு. ஐயிச்சிரோ ஓடா என்பவர் 1997 முதல் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் வரைந்துவரும் தொடர் 'ஒன் பீஸ்'. கடற்கொள்ளையர் கதை. அதில் மிஹாக் என்பவர் நடப்பு உலக முதல்வர். கரிய வாள் ஒன்று வைத்திருக்கிறார். அவரை வென்று அந்தப் பட்டத்தை எடுப்பேன் என்று சபதம் செய்தவர் சோரோ. மூன்று வாள் வைத்திருக்கிறார். இரண்டு கைகளில் இரண்டு, மூன்றாவது வாயில். முதல் சந்திப்பில் கடைசி வெட்டு வரும்வரை மிஹாக் பெரிய வாளை உருவவே இல்லை. கழுத்தில் தொங்கிய சிறு கத்தியை எடுத்தே சோரோவின் மூன்று வாளையும் சமாளித்தார். நம் ஊரில் சம்பந்தி சண்டையில் பெரியவர்கள் கைகட்டி நின்றபடி ஒரே சொல்லில் ஆளை உட்காரவைப்பார்களே, அந்த வகை.

கருதுகோள் ஒன்று: எதை வெட்டுகிறான் என்பதே அளவுகோல்

மங்கா உலகில் இதுவே முதல்நிலைத் தேர்வு. பாறையை வெட்ட வேண்டும்; பிறகு எஃகை வெட்ட வேண்டும். அலபாஸ்டா நாட்டுச் சண்டையில் சோரோவுக்கு எதிராக வந்தவருக்கு உடம்பே எஃகு. அந்த உடம்பை வெட்டிய நாளில்தான் சோரோ அடுத்த படிக்குப் போனார். இன்னும் மேல்படியில் இருப்பவர்கள் தொடாமலே வெட்டுகிறார்கள். வாளை இங்கே வீசினால் அங்கே கப்பல் இரண்டாகும்.

இவ்வளவுகோலை இவ்வட்டாரத்தில் பொருத்திப் பார்த்ததில் முடிவு சங்கடமாக வந்தது. ஜகதேவி, பர்கூர்ப் பக்கம் கிரானைட் பட்டறைகளில் லாரி அளவுப் பாறையை வைரமணி கோத்த எஃகு வடம் அறுக்கிறது. மேலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சோரோவுக்கு உச்சக்கட்டமாக இருந்த வேலை இங்கே கூலி வேலை. ஓசூருக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். அங்கே டூல்ரூம்களில் வயர்கட் என்று ஒரு மெஷின் உண்டு. கால் மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி ஒன்று மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டிருக்கும். கம்பிக்கும் இரும்புக்கும் இடையில் மின்பொறி தெறிக்கும். பொறிதான் அறுக்கிறது, கம்பி இரும்பைத் தொடுவதே இல்லை. கடினமாக்கிய எஃகு, மயிரிழைக்கும் குறைந்த பிசகுடன், கேட்ட வடிவில் வந்துவிடும். தொடாமல் வெட்டுதல் என்னும் உயர்நிலை வித்தையை இரண்டாம் ஷிப்ட் ஆபரேட்டர் பட்டனை அழுத்திவிட்டு, நடுவில் கேன்டீனுக்கும் போய்வருகிறார். மிஹாக்குக்குக் கேன்டீன் வசதி இருந்ததாகச் சான்று இல்லை.

எனவே இக்கருதுகோள் தள்ளப்படுகிறது. ஏற்றால் உலகத் தலைசிறந்த வாள்வீரர் பட்டத்தைத் தொழிற்பேட்டை முழுவதற்கும் பகிர்ந்தளிக்க வேண்டிவரும். அடுத்து அதற்குப் போனஸும் கேட்பார்கள்.

கருதுகோள் இரண்டு: எதை வெட்டாமல் விடுகிறான் என்பதே அளவுகோல்

இது ஓடாவே சொல்வது. சோரோவின் குரு கோஷிரோ ஒன்று கற்றுக்கொடுத்திருந்தார். எஃகையும் வெட்டுகிறவன், எதையும் வெட்டாமலும் இருக்கத் தெரிந்தவன், அவனே வாள்வீரன் என்பது அதன் சாரம். தொட்டதையெல்லாம் அறுக்கும் வாள் அவர் கணக்கில் வாளே அல்ல. 1998இல் தகெஹிகோ இனோயுவே தொடங்கிய 'வேகபாண்ட்' இன்னும் நுட்பமாகப் போகிறது. அங்கே நாயகன் முசாஷி, கிழவர் ஒருவர் வெட்டியனுப்பிய மலர்த்தண்டு ஒன்றின் வெட்டுவாயைப் பார்க்கிறான். சண்டை இல்லை, இரத்தம் இல்லை. தண்டின் முனையைப் பார்த்த மாத்திரத்தில் வெட்டிய கை எப்பேர்ப்பட்டது என்று தெரிந்துகொள்கிறான்.

வெட்டுவாயைப் பார்த்துக் கையை மதிப்பிடும் இம்மரபுக்கு மத்தூர் வட்டாரத்தில் நேர்ச்சான்று உண்டு. சாலையோர இளநீர்க் குவியல்தான் அது. போச்சம்பள்ளி, பாரூர், காவேரிப்பட்டினம் தோப்புகளிலிருந்து இறங்கும் காய்கள் மரத்தடியில் குவிந்திருக்கும். வெட்டுபவர் இடக்கையில் காயை ஏந்தி, திருப்பித் திருப்பிச் சீவுவார். மட்டை சீவல் சீவலாகப் பறக்கும். கடைசி வெட்டு ஓட்டின் மேல் விளிம்பில் விழும். அது ஒரு நூல் குறைந்தால் திறக்காது, ஒரு நூல் கூடினால் தண்ணீர் வாங்குபவர் சட்டையில். கொடுவாள் வரும் வேகத்தைப் பார்த்தால் காயும் கையும் சேர்ந்து போகும் என்று தோன்றும். ஆனால் அது ஓட்டோடு நின்றுவிடும். குடித்து முடித்தபின் ஒரே போடில் இரண்டாகப் பிளந்து, மட்டையிலேயே ஒரு சீவல் எடுத்து, வழுக்கை வழிக்கக் கரண்டியாகக் கையில் தருவார். தோற்ற எதிரியின் உடம்பிலிருந்தே வென்றவருக்குக் கரண்டி செய்துதரும் வீரர் எவரையும் மங்கா உலகம் இதுவரை காட்டவில்லை.

தகவலாளர் ஒருவரிடம் இவ்வித்தையின் இரகசியம் வினவப்பட்டது.

"வெட்டறது யார் வேணா வெட்டுவாங்க சார். கை நிக்கணும்" என்றார்.

கோஷிரோவுக்குப் பல பக்கங்கள் ஆயின. நம் தகவலாளர் இரண்டே வாக்கியத்தில் முடித்தார். அதற்குள் அடுத்த காயையும் எடுத்துவிட்டார்.

இவ்விடத்தில் பஸ்ஸில் மூன்றாவதாக முளைத்த கட்சியையும் பதிவு செய்ய வேண்டும். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்' படம் தமிழ் பேசி வந்தது. அதிலிருந்து, வித்தை கையில் இல்லை, மூச்சில் இருக்கிறது என்று வாதிடும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். அக்கதையில் நீர் மூச்சு, இடி மூச்சு என மூச்சுக்கொரு வாள்முறை. மேற்படி தகவலாளரிடம் மூச்சைப் பற்றியும் கேட்கப்பட்டது. "மூச்சா? பீடிய விட்டா சரியாப்போகும்னு டாக்டர் சொன்னாரு" என்றார். இத்தரவு எக்கட்சிக்குச் சாதகம் என்பது தெளிவாகவில்லை.

இளநீர்க் கருதுகோள் வலுவானது, கவர்ச்சியும் உடையது. ஆனால் முழுமையாக ஏற்பதில் ஒரு தடை. இளநீர் திருப்பி அடிப்பதில்லை.

வாளின் தரம் பற்றிய இடைப்பிறவரல்

சோரோ கட்சியினர் வாளின் தரவரிசையை ஒப்பிப்பதில் வல்லவர்கள். 'ஒன் பீஸ்' கணக்கில் மிக உயர்ந்த தரத்து வாள்கள் 12, அடுத்த தரத்தில் 21, அதற்கடுத்து 50. ரேஷன் கார்டு போல இதற்கும் வகைப்பாடு உண்டு. நல்ல வாள் கிடைத்தால் வீரனும் உயர்வான் என்பது உட்கருத்து.

இதற்கு மறுப்பு, இதே மண்ணில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பதிவாகியிருக்கிறது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 2004 வரை கிருஷ்ணகிரியும் மத்தூரும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தன என்பதால் அதியமான் நெடுமான் அஞ்சியை நம் மாவட்டத்துக்காரர் என்று கொள்ளலாம், ஆட்சேபம் எழாது. அவருக்காக ஔவையார் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் படைக்கொட்டிலைச் சுற்றிக் காட்டினான். ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை சாத்தி, காம்பு திருத்தி, நெய் பூசிப் பளபளத்தன. ஔவையார் பாராட்டினார். எங்கள் அரசன் ஆயுதங்களோ நுனி முறிந்து, முனை மழுங்கி, எப்போது பார்த்தாலும் கொல்லன் உலையடியில் கிடக்கின்றன என்று வருத்தப்படுவதுபோல் சொன்னார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அக்கூற்றைக் கேட்ட தொண்டைமானின் முகத்தைப் பற்றிப் பாட்டில் ஒன்றுமில்லை, ஊகிக்கலாம்.

ஔவையார் அளவுகோலின்படி வாளின் தரம் கொல்லன் பட்டறைக்குப் போன தடவைகளில் இருக்கிறது. மிஹாக்கின் வாள் ஒருமுறையாவது சாணைக்குப் போனதா? ஓடா வரைந்ததாகத் தெரியவில்லை. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்தால் விசாரித்திருக்கலாம்.

ஜப்பானியரும் இதை அறியாதவர்கள் அல்லர். உண்மையான முசாஷி 1612இல் சசகி கோஜிரோவை வென்றது படகுத் துடுப்பைச் செதுக்கிய மரத்தடியால் என்பது அங்கே வழங்கும் மரபு. தரவரிசையில் துடுப்புக்கு இடமில்லை.

பழைமையை வைத்துத் தரம் பிரிக்கலாமே என்றால், அதிலும் மத்தூருக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. தொகரப்பள்ளியை ஒட்டிய மயிலாடும்பாறை. அங்கே கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். அதே இடத்து ஈமக்குழி ஒன்றிலிருந்து ஏறத்தாழ 70 செ.மீ. நீளமுள்ள இரும்பு வாளும் கிடைத்திருக்கிறது. துருவேறி, இற்றுப்போய், யாருடையது என்ற குறிப்பும் இன்றி. அதன் சொந்தக்காரர் எஃகை வெட்டினாரா, மலர்த்தண்டை வெட்டினாரா என்பதற்குச் சான்றில்லை. அவருக்கு முன்னால் எஃகே இருந்திருக்குமா என்பதும் ஒரு கேள்வி. இரும்பு வந்த புதிதில் இரும்பு வாள் வைத்திருந்தவர், எதிரில் வந்தவரிடம் என்ன இருந்தாலும் கொஞ்சம் அநியாயமாகத்தான் சண்டை போட்டிருப்பார்.

விலையை வைத்துப் பார்க்கலாம் என்பாரும் உளர். பாராமகால் என வழங்கிய இப்பகுதி 1792 வரை திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. அவ்வாண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கும்பினியார் கைக்குப் போனது. 1799 மே 4இல் திப்பு கோட்டைக்குள் போரிட்டு மாண்டார். அவருடைய படுக்கையறையில் எடுத்த வாள் 2023 மே மாதம் லண்டனில் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. வென்றவரின் வாள் என்ன விலைக்குப் போனது என்று யாரும் கேட்பதில்லை. இக்குறிப்பை வாசகர் மனத்தில் வைக்க வேண்டும், பின்னால் உதவும்.

கருதுகோள் மூன்று: முதுகு

மிஹாக்கிடம் தோற்ற அன்று சோரோ ஒரு காரியம் செய்தார். வாள் உடைந்ததும் திரும்பி நின்று, இரு கைகளையும் விரித்து, நெஞ்சைக் காட்டினார். முதுகில் காயம் படுவது வாள்வீரனுக்கு இழுக்கு என்றார். மிஹாக் மெச்சி நெஞ்சிலேயே வெட்டினார். அதே கதையில் வெள்ளைத்தாடிக் கிழவர் ஒருவர் உடம்பெல்லாம் காயத்துடன் நின்றபடியே உயிர்விட்டார். முதுகில் ஒரு கீறல் இல்லை.

இதைப் படிக்கும் எந்தத் தமிழ் வாத்தியாருக்கும் கண் கலங்கும். விழுப்புண், புறப்புண் பாடத்தை ஜப்பானில் யாரோ நடத்திவிட்டார்கள். ஓடாவின் பூர்வீகத்தைத் தகடூரில் தேடிப் புறப்படுவோர் இனி வருவார்கள். இவ்வாய்வாளர் அவ்வேலையில் இறங்கவில்லை, ஆசை இருந்தும்.

ஆனால் தமிழ் விதிமுறை ஓடாவினுடையதைவிடக் கடுமையானது, சற்றே விசித்திரமானதும்கூட. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதனின் நெஞ்சில் பாய்ந்து முதுகுவழியே வெளியேறியது. நெஞ்சில் பட்டதால் விழுப்புண்ணா, முதுகிலும் ஓட்டை இருப்பதால் புறப்புண்ணா? தணிக்கை அலுவலகமே திணறும் கேள்வி. சேரமான் யாரையும் கேட்கவில்லை. முதுகில் இருப்பது முதுகில் இருப்பதுதான் என்று வெட்கி வடக்கிருந்து உயிர்விட்டார். சோரோ இவ்விதியின்கீழ் தேறுவாரா என்பது மிஹாக்கின் வெட்டு எவ்வளவு ஆழம் போனது என்பதைப் பொறுத்தது.

புறநானூற்று 278ஆம் பாட்டுக் கிழவியை இங்கே மறக்கலாகாது. மகன் புறமுதுகிட்டான் என்று யாரோ சொல்ல, அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களம் புகுந்தவர். பிணம் பிணமாகப் புரட்டித் தேடினார். சிதைந்து கிடந்தவனைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்ந்தார் என்கிறார் காக்கைபாடினியார் நச்செள்ளையார். அக்களத்தில் வாளோடு புகுந்து எவரையும் வெட்டாமல் திரும்பியவர் அவர் ஒருவரே. கோஷிரோவின் இலக்கணத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. அவருக்குப் பாட்டில் பெயர்கூட இல்லை.

படுக்கையில் இறப்பவருக்கும் விதி உண்டு. நோயில் இறந்த அரசரைத் தருப்பைப் புல்லில் கிடத்தி, போரில் மாண்டவர் போகுமிடம் போகட்டும் என்று வாளால் கீறிப் புதைப்பதைப் புறநானூறு 93 சொல்கிறது. காயமே இல்லாதவருக்குக் கடைசி நேரத்தில் ஒரு காயம். அரியர் எழுதிப் பட்டம் வாங்குவதற்கு இதுவே முன்னோடி.

கருதுகோள் நான்கு: சான்றிதழ் யார் கொடுப்பது?

இனி ஆய்வின் மையத்துக்கு வரலாம். மங்காவில் பட்டம் கைமாறும் முறை எளியது. நடப்பு முதல்வரை வென்றால் நீ முதல்வன். குத்துச்சண்டை பெல்ட் போல.

மத்தூரிலிருந்து ஊத்தங்கரை, செங்கம் நோக்கிப் போகும் வழியெங்கும் வேறொரு பட்டியல் நிற்கிறது. நடுகற்கள். கேழ்வரகுக் கொல்லை ஓரத்தில், புளியமரத்தடியில், ஏரிக்கரையில். இடக்கையில் வில், வலக்கையில் வாள், இடையில் குறுவாள், காலை அகட்டி வைத்த ஓர் ஆள். பல கற்களில் உடம்பில் அம்புகள் தைத்திருக்கும். பல்லவர் காலத்து எழுத்துள்ள கற்கள் செங்கம் பக்கம் ஏராளமாகக் கிடைத்து, 1972இல் தொல்லியல் துறை அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது. எழுத்தில் அரசனின் ஆட்சியாண்டு, தலைவன் பெயர், வீரன் பெயர், நடந்த சண்டை எல்லாம் சுருக்கமாக இருக்கும். முடிவில் பட்டான் என்று வரும். இறந்தான் என்று பொருள்.

பெரும்பாலும் சண்டை மாட்டுக்காக. மாட்டை மீட்கப் போய் இறந்தவனுக்குக் கல் உண்டு. மாட்டைக் கவரப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு. ஊர் இதில் கட்சி பார்க்கவில்லை. தகுதி ஒன்றே ஒன்று: திரும்பி வராதிருத்தல். தொல்காப்பியம் கல்லைத் தேடுவதிலிருந்து வாழ்த்துவதுவரை ஆறு படிகள் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைப் பார்த்துத் தேர்ந்து, நாள் குறித்து, நீரில் நனைத்து, நட்டு, படையல் வைத்து, வாழ்த்த வேண்டும். ஒரு சான்றிதழுக்கு இத்தனை நடைமுறை வகுத்த சமூகம், மனுதாரர் உயிரோடு இருந்தால் விண்ணப்பத்தையே வாங்கவில்லை.

இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு இதுதான். அம்பெய்தவனுக்கு, அதாவது சண்டையில் ஜெயித்து உயிரோடு வீடு போனவனுக்கு, அதற்காக ஒரு கல்லும் நடப்படவில்லை. அவன் மாட்டோடு போய்விட்டான். வித்தையில் அவன்தான் உயர்ந்தவன் என்பதில் சந்தேகமில்லை. அதனால்தானே எதிரில் நின்றவன் கல்லானான். ஆயினும் அவன் பெயர் யாருக்கும் தெரியாது. பேரும் உருவமும் மாலையும் தோற்றவனுக்கு.

அதோடு நிற்கவில்லை. மத்தூர், ஊத்தங்கரை, செங்கம் வட்டாரங்களில் இக்கற்கள் பலவும் வேடியப்பன் என்னும் சாமி ஆகிவிட்டன. ஆண்டுதோறும் பொங்கல், ஆட்டுப்பலி, பிள்ளைகளுக்கு அப்பெயர். வேடியப்பன் என்று பெயருள்ள ஆள் இல்லாத ஷிப்டை இப்பகுதித் தொழிற்சாலைகளில் தேடிப் பிடிப்பது கடினம். மிஹாக் என்ற பெயரில் யாருக்கும் இன்னும் காதுகுத்து நடந்ததாகத் தகவல் இல்லை. இப்போதைய வேகத்தில் பார்த்தால் நடக்கலாம்.

வேடியப்பன் முன்னால் நடக்கும் வெட்டு இன்னொரு நுட்பத்தை உணர்த்துகிறது. ஆட்டின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. உதறாவிட்டால் அரிவாள் ஓங்கியவர் ஓங்கியபடி நிற்க வேண்டியதுதான். மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருப்பு. உத்தரவு வந்தபின் ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டு விழுந்தால் வருஷம் முழுக்க ஊரில் பேச்சு. வெட்டப்படுபவரின் சம்மதம் பெற்ற பின்பே வாளை இறக்கும் இந்நெறி மங்காவில் எங்கும் இல்லை. அங்கே வாளை உருவுமுன் நான்கு பக்கத்துக்குத் தன் வரலாறு சொல்கிறார்கள்; எதிரி உதறினானா என்று யாரும் பார்ப்பதில்லை.

கல்லில் வீரனின் பக்கத்தில் பல இடங்களில் ஒரு கெண்டியும் ஒரு சிமிழும் செதுக்கியிருக்கும். நடுகல்லுக்குக் கள் படைப்பது சங்க காலத்திலேயே உண்டு. சோரோவும் குடியில் தளராதவர். இந்த ஒரு தகுதி அவருக்குத் தடையின்றிக் கிடைக்கிறது. ஆயினும் அதியமான் இறந்தபின் ஔவையார் கேட்ட கேள்வி நினைவுக்கு வருகிறது. நாடு முழுதும் கொடுத்தாலும் கொள்ளாதவன், நடுகல்லாகி நிற்கையில் சிறு கலத்தில் ஊற்றும் கள்ளையா ஏற்றுக்கொள்வான் என்று கேட்கிறார். போலி ஆய்வு செய்வோர் இப்பாட்டின் பக்கம் அதிக நேரம் நிற்கக் கூடாது. மேலே செல்வோம்.

மிஹாக் தேறுவாரா?

புறத்திணையில் வைத்துப் பார்த்தால் மிஹாக் தும்பையைச் சேர்ந்தவர். தும்பை என்பது வலிமையைக் காட்டுவதே நோக்கமாக வந்த இருவர் பொருவது. மண்ணும் வேண்டாம், பொன்னும் வேண்டாம். நீயா நானா என்று பார்த்துவிடலாம் என்பது அதன் மனநிலை. பஸ் வாதமும் இத்திணையே. நடுகல்லோ வெட்சி, கரந்தையைச் சேர்ந்தது. அதில் ஒரு மாடு வேண்டும். யாரோ ஒருவருடைய மாடு போக வேண்டும், அதற்காக இன்னொருவர் ஓட வேண்டும்.

மிஹாக்கிடம் மாடு இல்லை. அவர் கோட்டையில் தனியாக இருந்தவர். பக்கத்தில் வாள் பிடிக்கக் கற்ற மந்திக் குரங்குகள் இருந்தன. அவற்றை யாரும் கவர முன்வரவில்லை. ஆகவே இப்பகுதி நடைமுறையில் அவருக்குக் கல் பெறும் வழியே இல்லை. எஃகை வெட்டலாம், வெட்டாமலும் விடலாம், வாளைக் கரியதாக்கலாம், முதுகைக் காப்பாற்றலாம். மாடில்லாத வாள்வீரரை மத்தூர் வட்டாரம் வேடிக்கை பார்க்கும், கும்பிடாது.

சோரோவுக்கு வாய்ப்பு உண்டு. அவர் தம் தலைவனுக்காக, தம் கூட்டத்துக்காக அடி வாங்கியவர். தலைவன் பட்ட வலி முழுவதையும் தன் மேல் வாங்கிக்கொண்டு, என்ன நடந்தது என்று கேட்ட தோழனிடம் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்ன கட்டம் 'ஒன் பீஸ்' வாசகர் அனைவருக்கும் மனப்பாடம். அக்கட்டத்தில் அவர் கரந்தை வீரர். மாட்டுக்குப் பதில் தொப்பி போட்ட ஒரு பையன், அவ்வளவே வேறுபாடு. இறக்கவில்லை என்பதுதான் விண்ணப்பத்தில் உள்ள ஒரே குறை.

இம்முடிவு பஸ்ஸில் வாசிக்கப்பட்டபோது மிஹாக் கட்சி கடும் ஆட்சேபம் தெரிவித்தது. "செத்தவனுக்குப் பட்டம் குடுக்கறதுக்கு நாம எதுக்குண்ணா கதை படிக்கணும்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் ஊர்த் திருவிழாவில் பொங்கல் வைப்பது யாருக்கு என்று திருப்பிக் கேட்டதும் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்.

மேலாய்வுக்குரிய களம்

எந்த ஆய்வேட்டிலும் இப்படியொரு பகுதி இருந்தாக வேண்டும் என்பது விதி.

செங்கத்துக்கு அப்பால் எடுத்தனூர் என்ற ஊர். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று அங்கே உண்டு. கருந்தேவகத்தி என்பவன் மாட்டுச் சண்டையில் பட்டதைச் சொல்வது. கல்லில் அவன் வில்லும் வாளுமாக நிற்கிறான். அவன் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. நாய்க்கும் தனியாக எழுத்து உண்டு. கோவிவன் என்பது அதன் பெயர். இரண்டு கள்ளரைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது என்கிறது கல்வெட்டு.

இதுவரை வகுத்த அளவுகோல்கள் அனைத்தையும் கோவிவன் மேல் பொருத்திப் பார்க்கலாம். எதையும் வெட்டவில்லை. முதுகு காட்டி ஓடவில்லை. ஆயுதம் தரவரிசையில் இல்லை; மழுங்கினால் கொல்லனிடம் போகவும் வேண்டாம். மாடு இருந்தது. பெயர் கல்லில் ஏறியது. வென்ற கள்ளர் யாருக்கும் கிடைக்காத இடம் அது.

சோரோ கட்சி இதைக் கேட்டு முதலில் சிரித்தது. பிறகு அமைதியாகி ஆலோசித்தது. மூன்றாவது வாளை வாயில் கவ்வுவதுதான் தங்கள் தலைவரின் தனி முத்திரை. அதில் வாளை விட்டுவிட்டு வாயை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே சாதித்திருக்கிறார் என்றால் அவரை மூத்தவராக ஏற்பதில் தங்களுக்குத் தடையில்லை என்று அறிவித்தது. மிஹாக் கட்சி, நாய்க்கு ஓட்டுரிமை இல்லை என்ற ஒரே வரியில் நிற்கிறது. மூச்சுக் கட்சி மட்டும் மிகுந்த உற்சாகத்தில் இருக்கிறது. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்க இரைக்க மூச்சு வாங்கும் அம்முறைக்குத் தனி இயல் ஒதுக்க வேண்டும் என்று எழுத்துமூலம் கோரியிருக்கிறார்கள். கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.